இரண்டு கோட்டுக் கடி

ஆகஸ்ட் 9

தங்கைக்கு,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை. அதனால் போடவில்லை.

போனில் உன் எண்ணை அடைத்து வைத்தது வைத்ததுதான். நீ அனுப்பிய கடிதங்களையும் பிரிக்கவில்லை. அலமாரியில் கிடக்கின்றன. குட்டிதான் "சித்தி என்னம்மா எழுதியிருக்கு?" என்று நச்சரித்தாள். "வேற என்ன, ரத்தம் குடிக்கற அட்டையப் பத்தி இருக்கும்" என்றேன். ஏழு வயதுப் பிள்ளை, அப்பா எப்படிச் செத்தார் என்று தெரிந்தவள், அதற்குமேல் கேட்கவில்லை.

இப்போது எழுதக் காரணம் ஒன்றே ஒன்று. நேற்று என் கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்தவர் ஆஸ்பத்திரிப் பிணவறை ஊழியர். என்னை அடையாளம் கண்டு துக்கம் விசாரித்தார். பேச்சுவாக்கில், "அவர் சட்டைப் பையில இருந்த சின்ன பாட்டில உங்க தங்கச்சி வாங்கிட்டுப் போனாங்களே, குடுத்தாங்களா?" என்றார். கையில் இருந்த லென்ஸைக் கீழே போட்டு உடைத்தேன்.

என்ன பாட்டில்? என் புருஷன் சட்டைப் பையில் இருந்ததை எடுத்துப்போக நீ யார்?

அன்றைக்கு அடையாளம் காட்டச் சொன்னபோது முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலைத்தான் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே ஏழெட்டுக் கடி. ஒவ்வொன்றும் மூன்று கோடு, நடுவில் வந்து கூடுகிறது. ஒன்று விடாமல் பார்த்தேன். நாள் முழுக்க லென்ஸில் கீறல் தேடிப் பழகிய கண்ணுக்கு வேறு பக்கம் திரும்பத் தெரியவில்லை. உன் அட்டைகளுக்கு அவர் காலை விருந்தாக வைத்துவிட்டு நீ படகில் படுத்துத் தூங்கினாய். எங்கள் குடும்பத்தில் ஒட்டிய அட்டை நீதான் என்று அன்று எல்லார் முன்னாலும் சொன்னேன். இன்னும் அதையேதான் சொல்கிறேன்.

பாட்டிலுக்கு மட்டும் பதில் எழுது. அதை மட்டும் பிரிப்பேன்.

அக்கா


ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போடாவிட்டாலும் நான் போடுகிறேன்.

பாட்டிலை எடுத்தது தப்பு. அந்த ஊழியர் நீட்டியபோது கை தானாகப் போய்விட்டது. விரல் நீளக் குப்பி, தக்கை போட்டது. அத்தான் என்னோடு சதுப்புக்கு வரும்போதெல்லாம் நாலைந்து குப்பி கொடுத்து வைப்பேன். அதில் ஒன்று. உள்ளே ஓர் அட்டை இருந்தது. உயிரோடு.

அறைக்குக் கொண்டுவந்து சில நாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு விளக்கில் பிடித்துப் பார்த்தேன். முதுகில் ஒற்றை ஆரஞ்சுக் கோடு, இரு ஓரமும் கறுப்புப் புள்ளி. அந்தச் சதுப்பில் உள்ள அட்டை எல்லாம் எனக்கு அத்துப்படி. ஐந்து வருஷமாக அவற்றின் வளையத்தையும் கண்ணையும் எண்ணி, எது எதற்கு உறவு என்று வரைந்துகொண்டிருக்கிறேன். இது அதில் எதுவும் இல்லை. இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒன்று. இரண்டு அட்டைக் குடும்பத்துக்கு நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அங்கே ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்று என் ஆய்வில் எழுதியிருந்தேன். அதை அத்தான் பிடித்துப் பையில் வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று யோசித்து யோசித்துத் தாளைக் கிழித்தேன். அது நன்றாகக் குடித்துப் பருத்திருக்கிறது. அட்டை குடித்த ரத்தம் உடனே செரிக்காது. மாதக்கணக்கில் கெடாமல் வயிற்றில் இருக்கும். அத்தான் காலில் குடித்தது இப்போதும் அதற்குள் இருக்கிறது. ஆய்வு முறைப்படி இதற்குள் அதைக் கொன்று, கெடாமலிருக்கச் சாராயத்தில் போட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

நான் தூங்கியது உண்மை. காய்ச்சல் கொதித்தது. "நீ படு, துடுப்ப நான் பாத்துக்கறேன்" என்றார். கண் விழித்தபோது படகு நாணலில் கட்டிக் கிடந்தது. அவர் இல்லை. மேலே மதகைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், வெள்ளம் வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த இடத்தில் இறங்கவே கூடாது என்று முதல் நாளே பேசிவைத்திருந்தோம். ஏன் இறங்கினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் வெறுங்காலிலும் எதுவோ குடித்துவிட்டுப் போயிருந்தது. குதிகாலிலிருந்து ரத்தம் வடிய வடியக் கரையெல்லாம் ஓடிக் கத்தினேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் அக்கா.

தங்கை


செப்டம்பர் 2

தங்கைக்கு,

உயிரோடா இருக்கிறது?

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். எதிரே ஒரு பெரியவர். "மேலேர்ந்து படிங்கய்யா" என்று எழுத்துப் பலகையைக் காட்டிவிட்டு நான் பாட்டுக்கு இதைப் படிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் கடைசி வரிவரை படித்து முடித்து, எந்தக் கண்ணாடி என்று கேட்டு, பதில் வராமல் தானே எழுந்து போய்விட்டார்.

முதலில் அருவருப்பில் கடிதத்தைத் தூரப் போட்டேன். அப்புறம் கடையை அடைத்துப் பூட்டும்போது, அவருடையது ஏதோ ஒன்று இந்த உலகத்தில் இன்னும் கெடாமல் இருக்கிறது என்று தோன்றியது. தோன்றியதும் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

நினைவிருக்கிறதா? என் தங்கை அட்டை ஆராய்ச்சி செய்கிறாள் என்றால் அக்கம்பக்கத்தில் அட்டைப்பெட்டி கம்பெனியா என்று கேட்பார்கள். "ஆமா, பொட்டிக்குள்ள ரத்தம் வச்சு அனுப்புவாங்க" என்பார் அவர், சிரிக்காமல். அட்டைக்குப் பத்துக் கண் என்று நீ சொன்ன அன்று, "அஞ்சு ஜோடி கண்ணாடி! உங்கக்கா கடைக்கு யோகம்தான்" என்றார். எல்லாம் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன்.

அட்டையை எடுத்து மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் தேடும் என்பார்கள். நீ அதை மெத்தையில் வைப்பாயோ தலையில் வைப்பாயோ, அது சாகக் கூடாது. சாராயத்தில் போட்டாய் என்று கேள்விப்பட்டால் நானே கிளம்பி வருவேன்.

குட்டியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. "அதுக்கு அப்பா வாசனை தெரியுமா?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

இதனால் நமக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணாதே. இந்த வாசலை மிதிக்காதே. அது எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

அக்கா


அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

அதற்கு வாசனை தெரியுமா என்று எனக்குத் தெரியாது. வெதுவெதுப்பு தெரியும், நிழல் தெரியும். நான் குனிந்தால் தலையைத் தூக்கித் துழாவுகிறது. குட்டியிடம் இதை எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

ஊறுகாய் பாட்டில் அளவு ஜாடி, வாயில் துணி கட்டியிருக்கிறேன். குழாய்த் தண்ணீர் ஆகாது, குளத்திலிருந்து கொண்டுவந்து மாற்றுகிறேன். ஆய்வகத்தில் வைத்தால் கேள்வி வரும் என்று என் அறை ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஆனாலும் கேள்வி வந்துவிட்டது. பேராசிரியர் என் குறிப்புகளைப் பார்த்து, "எங்க அது?" என்றார். உயிரோடு இருக்கிறது என்றேன். "உயிரோட இருக்கறதுக்குப் பேர் வைக்க முடியாதும்மா. பேர் வேணும்னா அது அலமாரியில இருக்கணும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இந்தத் தொழிலின் விதியே அதுதான். அதே சதுப்பில் வேறொரு குழுவும் தேடுகிறது. எனக்கு ஜனவரியோடு உதவித்தொகை நின்றுவிடும். இது இல்லாவிட்டால் ஐந்து வருஷ வேலையும் நடுவில் ஓட்டையோடுதான் நிற்கும்.

ஆனால் உனக்கு எழுத வேண்டியது இது இல்லை. அது இளைக்கிறது. ரத்தம் கெடாது என்றுதான் சொன்னேன். தீராது என்று சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் செரித்துக்கொண்டிருக்கிறது. வேறு யார் காலிலாவது விட்டால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் உள்ளே அத்தானோடு வேறு ஆள் கலந்துவிடும். விடாவிட்டால் அவரும் தீர்ந்து அதுவும் தீரும்.

உன் அனுமதியைக் கேட்கவில்லை அக்கா. கேட்கிறேனோ என்னவோ, எனக்கே தெரியவில்லை.

தங்கை


நவம்பர் 8

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் கையையே நீட்டிவிடலாமா என்று நினைத்தேன். பெண்டாட்டி ரத்தம்தானே, கலந்தால் என்ன? அப்புறம் அதைக் குட்டியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று புரிந்தது.

கொன்றுவிடு.

எழுதிவிட்டேன். திரும்பப் படிக்க மாட்டேன், படித்தால் அடித்துவிடுவேன். இரண்டு விஷயம். உள்ளே இருப்பதை எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. அவர் படுத்திருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைப்பேன். அதற்குப் பெயர் வைக்கிறாயே, அவர் பெயரை வை. ஊரூராய் பஸ் ஓட்டினார், அவர் பெயர் எங்கேயும் எழுதியிருந்ததில்லை.

வலிக்காமல் சாகும்படி பார்.

அக்கா


டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

செய்துவிட்டேன்.

அவசரப்பட்டால் அட்டை சுருங்கிக்கொள்ளும். சுருங்கியதில் வளையங்களை எண்ண முடியாது. அதனால் தண்ணீரில் சாராயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு மயக்க வேண்டும். காலையில் தொடங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, தளர்ந்து, மதியத்துக்குமேல் தொட்டால் அசையவில்லை. வலித்திருக்காது. இது உனக்காகச் சொல்வது இல்லை, உண்மையாகவே வலித்திருக்காது.

அடிப்பக்கத்தைத் திறந்து எடுத்தேன். மிகவும் கறுத்து, கெட்டியாக இருந்தது. பக்கத்து மேசையில் சோதனை செய்கிற ஊசி (ஆள் அவ்வளவு ஒல்லி, அதனால் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) என் முகத்தைப் பார்த்து, "மருந்து கண்ணுல பட்டுடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

எந்த அட்டை எதன் ரத்தத்தைக் குடிக்கிறது என்பதும் எங்கள் விவரத்தில் சேரும். அதனால் ஊசிமுனையளவு சோதனைக்குக் கொடுத்தேன். மீதி அத்தனையும் இதோடு இருக்கும் குப்பியில். மூடியை மெழுகால் அடைத்திருக்கிறேன். திறக்காதே.

பெயரும் எழுதிவிட்டேன். இந்தப் பெயர்களை லத்தீனில்தான் வைப்போம், அதில் ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கு ஒரு விகுதி. அத்தான் பெயரோடு ஆண் விகுதியைச் சேர்த்துக் காகிதத்தில் பார்த்தபோது அவர் ஏதோ வெளியூர்க்காரர் மாதிரி தெரிந்தார். இருந்திருந்தால் அதையே வைத்து ஒரு மாதம் கேலி செய்திருப்பார்.

தலையை இன்னும் திறக்கவில்லை. தாடையைப் பார்க்க வேண்டும். அதற்கு மனம் கொஞ்சம் ஆறட்டும்.

தங்கை


டிசம்பர் 19

அன்புள்ள தங்கைக்கு,

வந்து சேர்ந்தது. உடையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் குட்டியும் போய் அவர் தலைமாட்டில் ஒரு சாண் தோண்டி வைத்துவிட்டு வந்தோம். தோண்டியது அவள்தான், சாப்பாட்டுக் கரண்டியால். "அப்பா இப்ப முழுசா ஆயிட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். இத்தனை மாதத்தில் அன்றுதான் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

உன்னை நிறையப் பேசிவிட்டேன். பேசியது பேசியதுதான், அள்ள முடியாது. ஆனால் அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்ததும் நீதான். படிப்பு முடிந்ததும் வா. குட்டி உனக்குக் காட்ட ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள். பத்துக் கண், ஐந்து கண்ணாடி.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் போன கடிதத்தில் அன்புள்ள என்று இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே இதை எழுதாமல் ஒத்திப்போட்டேன்.

குப்பியில் இருந்தது அத்தானுடைய ரத்தம் இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் சேரும்போதே எல்லாரும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் கை பட்டு ஏதாவது கெட்டுப்போனால் அடையாளம் தெரிவதற்காக. ரத்தத்தின் மரபணுச் சோதனை முடிவு வந்தது. என்னுடையதோடு ஒத்துப்போனது. பேராசிரியர் உதட்டைப் பிதுக்கி, "உன் கை பட்டிருக்கு. கலப்படம்னு ஒரு வரி எழுதிட்டு மேல போ" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எழுதிவிட்டேன். உனக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை என்று இருந்தேன்.

பிறகு தலையைத் திறந்தேன். அந்தச் சதுப்பு அட்டைகள் எல்லாவற்றுக்கும் மூன்று தாடை. இதற்கு இரண்டுதான். ஆய்வுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை, இது தனி இனம் என்று இனி யாரும் மறுக்க முடியாது. சந்தோஷப்பட்டு நிமிர்ந்தபோது உன் முதல் கடிதம் நினைவுக்கு வந்தது. மூன்று தாடை கடித்தால் மூன்று கோடு விழும். அத்தான் காலில் இருந்த ஒவ்வொன்றும் மூன்று கோடு என்று எழுதியிருந்தாய். ஒன்று விடாமல் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய்.

ஊசியிடம் ஒரு சின்னக் கண்ணாடி வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய், கதவைச் சாத்திக் குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கோடு அக்கா. முனையில் சேர்கிறது. அட்டைக் கடியை அளப்பதே தொழிலாக இருப்பவள், தன் காலில் எது கடித்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

இனி நடந்ததை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் தூங்கும்போது அது என் காலில் இருந்திருக்கிறது. அத்தான் பார்த்திருக்கிறார், நிறம் புதிது என்று கண்டிருக்கிறார். எடுத்துக் குப்பியில் போட்டிருக்கிறார். "ஒன்னே ஒன்ன வச்சுப் பேர் வச்சா நம்ப மாட்டாங்க அத்தான், இன்னொன்னாவது வேணும்" என்று நான் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். அந்த இன்னொன்றைத் தேடித்தான் இறங்கியிருக்கிறார். அவர் ஏன் இறங்கினார் என்று புரியவில்லை என்று உனக்கு எழுதினேனே, அதற்குப் பதில் என் குதிகாலிலேயே இருந்திருக்கிறது.

இன்னொன்று. அந்தச் சோதனை படிப்பது தாய்வழியாக மட்டும் வருகிற ஒன்றை. அம்மா, நீ, நான், குட்டி எல்லாருக்கும் அது ஒன்றேதான். நம் நாலு பேரில் யார் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அத்தான் இல்லை என்று மட்டும் தெரியும்.

கலப்படம் என்ற வரியை அடித்துவிட்டு, கடிபட்டது நான்தான் என்று எழுதினேன். "தேர்வாளருங்க சிரிப்பாங்க" என்று பேராசிரியர் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார். எப்போது போடுவார், போடுவாரா என்று தெரியாது. உதவித்தொகை நின்றுவிட்டது. விடுதி அறையைக் காலி செய்துவிட்டு ஊசி வீட்டு மாடியில் இருக்கிறேன். பெயர் இன்னும் அத்தான் பெயர்தான். மாற்று என்றால் மாற்றுகிறேன்.

வா என்று நீ எழுதியது அந்தக் குப்பிக்காக. அது அவர் இல்லை என்றால் அந்த அழைப்பும் எனக்கு இல்லை. அதனால் வரவில்லை.

தங்கை


பிப்ரவரி 27

தங்கைக்கு,

நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். கலப்படம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் என் ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. ஏன் சொன்னாய் ஏன் சொன்னாய் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கூடப் பிறந்தவளைத் திட்டுவதில் ஒரு கஷ்டம், பாதி அம்மாவுக்குப் போய்விடுகிறது.

ஆக, அவர் தலைமாட்டில் நம் ரத்தத்தைத்தான் புதைத்து வைத்திருக்கிறோம். நான் தோண்டப் போவதில்லை. குட்டி வாராவாரம் அங்கே தண்ணீர் ஊற்றுகிறாள். அவளிடம் சொல்ல மாட்டேன். நீயும் வாயைத் திறக்காதே. பெரியவளாகி உன் ஆய்வைப் படித்துத் தெரிந்துகொண்டால் தெரிந்துகொள்ளட்டும், அன்றைக்கு நம் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டட்டும்.

பெயரை மாற்றாதே. அவர் பிடித்ததுதானே.

உன் கடிதத்தை மூன்று நாள் கடையில் வைத்திருந்தேன். உனக்கு ஏன் விழிப்பு வரவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தூங்குகிறவரை எழுப்பவே வராது. பஸ்ஸில் கடைசி நிறுத்தத்தில் யாராவது தூங்கினால்கூட, டீ குடித்து முடித்து வந்துதான் எழுப்புவார். காய்ச்சலில் கிடந்த உன்னை எழுப்பியிருக்கவே மாட்டார். எழுப்பியிருந்தால் நீ இறங்க விட்டிருக்க மாட்டாய். நகத்தை அடியில் கொடுத்து, வாயை முதலில் விடுவித்து, பிய்க்காமல் எடுக்க வேண்டும் என்று நீதானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தாய். அப்படியே எடுத்திருக்கிறார். உனக்குத் தெரியவே இல்லை.

அந்தக் கை கடைசியாகத் தொட்ட மனுஷ உடம்பு உன் குதிகால். அதற்குப் பிறகு தண்ணீர்தான்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. அது ஆகும் என்று தோன்றவில்லை. ஆனால் தழும்பு மறைவதற்குள் வா. செருப்பைக் கழற்றிக் காட்டிவிட்டுப் போ.

அக்கா